எனக்கு முன்பே நின்ற மூன்று வண்டிகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றியறிதல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமையன்று ஒன்பது நாள் துப்பாக்கி மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமம் வாங்கும் இந்தப் பருவத்தில், சொந்த நிலம் ஓர் ஏக்கர்கூட இல்லாத என்னைப் போன்றவர்களுக்குப் பொதுநிலம் ஒன்றே கதி. முதல் ஆண்டு அதிகாலை நான்கரை மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, வண்டி நிறுத்துமிடத்தில் ஏற்கெனவே மூன்று வண்டிகள் நின்றிருந்தன. எனக்கு வந்த எரிச்சலை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அக்டோபரில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்து, மான் தடங்களையும் ஆண்மான் கொம்பை உரசிய மரங்களையும் குறித்து வைத்திருந்ததால், அந்த ஓக் மேடு எனக்குரியது என்று மனம் முடிவு செய்திருந்தது. உண்மையில், 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காடு வரியை அவற்றை வாங்கும் ஒவ்வொருவரும் விலையோடு சேர்த்துச் செலுத்துகிறோம். வனவுயிர்ப் பராமரிப்புக்குப் போகும் அந்தப் பணத்தில் எனக்கு முன்னே வண்டியை நிறுத்தியிருந்த மூவரின் பங்கும் இருந்தது.

மரத்தில் கட்டும் இருக்கையை நான் பரண் என்றே சொல்வேன். தினைப்புனம் காத்தவர்களின் சொல் இதற்கும் பொருந்துகிறது. ஆனால் பரண் கட்டிவிட்டதாலேயே பொதுநிலத்தில் யாருக்கும் இடம் சொந்தமாகிவிடாது. வேட்டைக்காரர்களிடையே வழங்கும் எழுதப்படாத வழக்கு எளியது: அன்று காலை முதலில் வந்து அமர்ந்தவருக்கே அந்த இடம். பின்னால் வருபவர் இருட்டில் விளக்கொளியைக் கண்டால், தம் விளக்கை ஒருமுறை அசைத்துக் காட்டிவிட்டு, காற்று தம் வாடையை அவர் பக்கம் கொண்டுபோகாத திசையில் விலகிச் செல்ல வேண்டும். எவ்வளவு தொலைவு என்று கேட்டால், அவருடைய ஆரஞ்சுச் சட்டை கண்ணுக்குத் தெரியாத தொலைவு என்பேன். இடுப்புக்கு மேலே அணியும் வெளியாடையில் பாதியாவது பளிச்சிடும் ஆரஞ்சாகவோ, 2016 முதல் அனுமதிக்கப்பட்ட இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டும் என்பது சட்டம். மானின் கண்ணுக்கு ஆரஞ்சு மங்கலாகவே தெரியும். அந்த நிறம் முழுக்க முழுக்க மனிதருக்கானது.

இடத்தகராறு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த மாநிலம் மறக்கவில்லை. 2004 நவம்பரில் சாயர் கவுன்டியில், தனியார் நிலத்துப் பரண் ஒன்றில் வேறொருவர் ஏறி அமர்ந்திருந்ததை ஒட்டி மூண்ட வாக்குவாதம் ஆறு வேட்டைக்காரர்களின் உயிரைப் பறித்தது. சுட்டவர் ஆசியாவிலிருந்து குடியேறிய சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதால், காட்டில் அந்நியர் ஒருவர் என்னை நோக்கி நடந்து வரும்போதெல்லாம் அந்தச் சம்பவம் எங்கள் இருவர் நினைவிலும் இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொள்வேன். துப்பாக்கிமுனையைத் தரைக்குத் திருப்பிவிட்டு, முதலில் வணக்கம் சொல்பவன் நானாகவே இருப்பேன்.

நான் காலம் தாழ்ந்து கற்றது வேறொன்று. கூட்டமே மானை நடக்க வைக்கிறது. விடியலில் எல்லோரும் உள்ளே நுழையும்போது மான்கள் அடர்ந்த சதுப்புப் புதருக்குள் ஒதுங்குகின்றன. பத்து மணிவாக்கில் குளிர் தாங்காமலும் காப்பிக்காகவும் பலர் வண்டிக்குத் திரும்பும்போது அவர்களுடைய நடை அவற்றை மீண்டும் கிளப்புகிறது. ஆகவே இப்போது நான் ஓக் மேட்டைப் பிறருக்கு விட்டுவிட்டு, சதுப்பின் ஓரத்தில் நண்பகல்வரை அசையாமல் அமர்கிறேன். நிறுத்துமிடத்தில் எத்தனை வண்டிகள், அவர்கள் எந்தப் பாதையில் போயிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் இன்று என் முதல் வேலை.

கடந்த பருவத்தில் பதினொரு மணிக்கு எனக்கு ஒரு பெண்மான் கிடைத்தது. அதைச் சேற்றில் தனியே இழுக்க நான் திணறிக்கொண்டிருந்தபோது, மேட்டிலிருந்து இறங்கி வந்த முதியவர் ஒருவர் கேட்காமலே மானின் மறுகாலைப் பிடித்தார். அந்த மானைக் கிளப்பிவிட்டது அவருடைய நடையாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். சிரித்துவிட்டு, நாளைக் காலை எங்கே அமரப் போகிறாய் என்று விசாரித்தார். சொன்னேன். அப்படியானால் தாம் வடக்குப் பக்கம் போவதாகச் சொல்லி, பிடியை மாற்றிக்கொண்டு இழுக்கத் தொடங்கினார்.