பால் இருக்கட்டும், ஊறுகாயை எடுத்து வையுங்க

எனக்கு வந்த இரண்டாவது சிறுநீரகக் கல்லின் ரிப்போர்ட்டில் கால்சியம் ஆக்சலேட் என்று இருந்ததைப் படித்ததும் என் மாமியார் பால் காபிக்குத் தடை போட்டுவிட்டார். கால்சியம்தானே கல்லாகிறது, அப்புறம் பால் எதற்கு என்று அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. சிறுநீரக மருத்துவர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

சாப்பாட்டோடு பாலோ தயிரோ சேர்ந்தால், அதிலுள்ள கால்சியம், உணவிலிருந்து வரும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியே தள்ளிவிடும். பாலை நிறுத்தினால் ஆக்சலேட் தடையில்லாமல் ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரில் இறங்கும். எலும்புக்கும் கேடு. இத்தாலியில், என்னைப் போலவே சிறுநீரில் கால்சியம் அதிகமாகப் போகும் 120 ஆண்களை ஐந்து வருஷம் கவனித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல். கால்சியத்தை வழக்கம்போல விட்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான்.

என் ரத்தத்தில் கால்சியமும், அதைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனும் சரியாகவே இருந்தன. அடுத்தது 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை. காலையில் முதல் சிறுநீரை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை எல்லாம் கேனில். ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன் என்றேன். "வேண்டாம்மா, பள்ளிக்கூடம் போற நாள்லயே செய்யுங்க. அன்னைக்குத்தானே தண்ணி குடிக்க மாட்டீங்க" என்றார் மருத்துவர். ஆசிரியைகள் பலருக்கும் இது பழக்கம். கழிப்பறை இருக்கும் லட்சணத்தைப் பார்த்தால் பாட்டிலைத் திறக்கவே மனசு வராது. கேனைத் துணிப்பையில் போட்டு ஸ்டாஃப் ரூம் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். "என்ன டீச்சர், எண்ணெயா?" என்று கேட்டவருக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மொத்தச் சிறுநீர் 1.1 லிட்டர்தான். குறைந்தது 2.5 லிட்டராவது போக வேண்டுமாம். கால்சியம் 340 மில்லிகிராம். பெண்களுக்கு 250-ஐத் தாண்டினாலே அதிகம். மருத்துவர் விரல் வைத்துக் காட்டியதென்னவோ உப்பிலிருந்து வரும் சோடியத்தை. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 13 கிராம் உப்பு! உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். சிறுநீரகம் சோடியத்தை வெளியே தள்ளும்போது கால்சியமும் கூடவே போய்விடுகிறது. எங்கள் வீட்டு அப்பளம், மோர் மிளகாய், எலுமிச்சை ஊறுகாய், கருவாடு எல்லாம் சேர்ந்து பண்ணிய வேலை. பாவம், பால் மேல் பழி.

சிறுநீரில் கால்சியத்தைக் குறைக்க தயசைடு வகை மாத்திரைகள் உண்டு. சிலருக்குப் பொட்டாசியம் சிட்ரேட்டும் தருவார்கள். ஆனால் சுவிட்சர்லாந்தில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், ஹைட்ரோகுளோரோதயசைடு எடுத்தவர்களுக்கும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் கல் திரும்புவதில் பெரிய வித்தியாசம் இல்லை. உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு தயசைடு சாப்பிட்டால் அதன் பலனும் குறையும், ரத்தத்தில் பொட்டாசியமும் இறங்கும். அதனால் "முதல்ல உப்பு, தண்ணி. மாத்திரையை அப்புறம் பார்ப்போம்" என்றுவிட்டார். வாழைத்தண்டு ஜூஸ் குடிக்கலாமா என்று கேட்டேன். "குடிங்க, அதை நம்பித் தண்ணியை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

மறுபரிசோதனையில் கால்சியம் 265-க்கு இறங்கியிருக்கிறது. இன்னும் அதிகம்தான், ஆனால் மாத்திரை எழுதவில்லை. இடது பக்கம் மிச்சமிருக்கும் சின்னக் கல் வளரவில்லை என்கிறது ஸ்கேன். கோடை விடுமுறைக்கு முன்னால் இன்னொரு கேன் இருக்கிறது, அதுவும் பள்ளி நாளில்தான்.