31ஆம் தேதி வாங்கிய கடன்

"தம்பி, இவரு 31ல வாங்கினவரு. இன்னிக்குத்தானே தவணை?" கவுண்டர் அக்கா கேட்டது அவ்வளவுதான். "கார்டுல 28னு இருக்கேக்கா, சிஸ்டம் மூணு நாள் அபராதம் காட்டுது" என்றேன். சிஸ்டத்துக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. 45 ரூபாய் வாங்கி ரசீது போட்டாயிற்று.

கடன் 2023 ஜனவரி 31. அன்று மார்ச் 31, வெள்ளி. கடனைச் சேமித்ததும், மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் நான் எழுதிய ஃபார்மில் ஒரு லூப் திரும்பத் திரும்ப ஓடி 12 தவணை வரிகளை எழுதும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் தேதியோடு டேட்ஆட் ஃபங்ஷனால் ஒரு மாதம் கூட்டும். ஜனவரி 31க்கு ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28. இல்லாத தேதிக்கு மாதக் கடைசியைத் தருவது டேட்ஆடின் நல்ல குணம்தான். ஆனால் அடுத்த வரி அந்த 28ஐப் பிடித்துக்கொண்டு கிளம்பும்: மார்ச் 28, ஏப்ரல் 28, மே 28. பிப்ரவரியில் போன மூன்று நாள் திரும்பாது. சோதித்துப் பார்த்தபோது 5, 15, 20 என்றே தேதி போட்டிருந்தேன். எல்லாம் சரியாக வந்தது.

திருத்தம் ஒரே வரி. முந்தைய தவணையிலிருந்து எண்ணாமல், எப்போதும் கடன் தேதியோடு தவணை எண்ணைக் கூட்ட வேண்டும். இரண்டாவது மார்ச் 31, மூன்றாவது ஏப்ரல் 30. வருஷம், மாதம், நாள் கொடுத்தால் தேதியாக்கும் டேட்சீரியல் ஃபங்ஷனில் மாதத்தோடு ஒன்றைக் கூட்டினாலும் ஆகும் என்பார்கள், ஆகாது. அது பிப்ரவரி 31ஐ மார்ச் 3 ஆக்கிவிடும். வருஷம் கூட்டும்போது இன்னொரு கூத்து: எதைக் கூட்டுவது என்று டேட்ஆடுக்குச் சொல்லும் குறியில் நான்கு ஒய் (yyyy) போட வேண்டிய இடத்தில் ஒரு ஒய் போட்டால் கூடுவது ஒரு நாள். பிழை எதுவும் காட்டாது.

விடுமுறையும் உண்டு. அந்த ஏப்ரல் 30 ஞாயிறு, மறுநாள் மே தினம். ஞாயிறானால் ஒரு நாள் தள்ளு என்று மட்டும் எழுதினால் பூட்டிய கதவில் வந்து நிற்பார்கள். ஞாயிறும் இல்லை, விடுமுறை டேபிளிலும் இல்லை என்று ஆகும்வரை தள்ள வேண்டும்: மே 2. தள்ளிய தேதியிலிருந்து அடுத்த தவணையைக் கணக்கிட்டால் பழைய கதைதான்.

இதெல்லாம் ஒரு மத்தியான வேலை. ஏற்கெனவே கொடுத்த கார்டுகளை என்ன செய்வது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். கார்டு, லெட்ஜர், ரசீது மூன்றிலும் 28 என்றே இருக்கிறது. வரியை மட்டும் திருத்தினால், தாமதமே இல்லாதவரிடம் அபராதம் வாங்கியதாக நம் ரசீதே சொல்லும். அதனால் பழைய கடனுக்கு டேபிளில் இருக்கும் தேதி, ஏப்ரல் 3 முதல் கொடுக்கும் கடனுக்குப் புதுக் கணக்கு என்று, டேபிளிலிருந்து தகவலை எடுக்கும் க்வெரியில் ஒரு நிபந்தனை வைத்தேன். கார்டில் கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ரசீது முரண்படும் என்பது 45 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கத்தானே காரணம், கொடுக்காமல் இருப்பதற்கா?

அந்த நிபந்தனையிலும் ஒரு சறுக்கல். க்வெரியைக் கட்டளையாக எழுதும் எஸ்க்யூஎல் வியூவில் இரண்டு ஹாஷ் (#) குறிக்கு நடுவே 03/04/2023 என்று நம் வழக்கப்படி நாளை முன்னால் எழுதியிருந்தேன். அங்கே ஆக்சஸ் மாதத்தை முன்னால் படிக்கும். அதற்கு அது மார்ச் 4. 13/04 என்றிருந்தால் 13ஆவது மாதம் இல்லை என்று தானே புரட்டிப் படித்திருக்கும். 12 வரையான நாட்களில்தான் சத்தமில்லாமல் ஏமாற்றும். வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

ஆக, மார்ச் 31ல் கடன் வாங்கியவர்களுக்குக் கார்டில் மே 30, க்வெரியில் மே 31. ஒரு நாள் பிந்திக் கட்டியும் அபராதம் விழவில்லை. அக்கா கேட்கவில்லை. அந்த 03/04 இன்னும் அப்படியேதான் இருக்கிறது.