ரெண்டு கிடார், ஒரு கேப்போ: ஆறு வாரம் ஆச்சு

கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் ஜோடி மாதிரி வாசித்துப் பார்ப்போம் என்று நானும் மாப்ளயும் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஆறு வாரம் ஆகிறது. அவர்கள் அமெரிக்காவில் நாஷ்வில்காரர்கள், நாட்டுப்புறப் பாணிப் பாடகர்கள். பெரும்பாலும் ட்ரம்ஸ் கிடையாது, ரெண்டு கிடாரும் ரெண்டு குரலும்தான். 2001ல் வந்த ஆல்பத்தை ஆர்சிஏ ஸ்டுடியோ பி-யில் இப்படித்தான் பதிவு செய்தார்கள். ‘இவ்வளவுதானே’ என்று இறங்கிவிட்டோம்.

முதல் ரெண்டு வாரம் வெறும் இரைச்சல். ரெண்டு பேரிடமும் பெரிய ட்ரெட்நாட் கிடார். ரெண்டு பேரும் ஜி, சி, டி என்று ஒரே இடத்தில் கார்டு (பல சுரம் சேர்ந்து ஒலிக்கிற பிடி) பிடித்தோம். போனை டம்ளரில் சாய்த்துப் பதிவு பண்ணிக் கேட்டால், ஒரே ஆள் தாளம் தப்பி வாசிக்கிற மாதிரி இருந்தது.

அப்புறம்தான் கருவியையே கவனித்தேன். வெல்ச் வாசிப்பது 1956 கிப்ஸன் ஜே-50. அடித்தளம் முழுக்க அதுதான். ராலிங்ஸ் கையில் 1935 எபிஃபோன் ஒலிம்பிக், சின்ன ஆர்ச்டாப், அதாவது மேல்பலகை வயலின் மாதிரி வளைந்த கிடார். அந்தக் காலத்தில் அது மலிவு மாடல். பேஸ் (கனத்த கீழ்ச்சத்தம்) குறைவு, சத்தம் கூர்மையாக வந்து சட்டென்று அடங்கிவிடும். ஆகவே வெல்ச் விட்ட இடத்தில்தான் அது கேட்கும்.

ஆர்ச்டாப்புக்கு நாங்கள் எங்கே போக? பரணில் கிடந்த சின்ன கிடாருக்குப் பத்தாம் நம்பர் மெல்லிய கம்பி மாட்டி மாப்ள கையில் கொடுத்தேன். கம்பி முடிகிற பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே பிக்கால் மீட்டச் சொன்னேன். கழுத்தில் ஐந்தாம் ஃப்ரெட்டில் (கட்டையில்) கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் அழுத்திச் சுருதியை ஏற்றுகிற கிளிப். நான் ஜி, சி, டி பிடித்தால் அவன் டி, ஜி, ஏ ஷேப் பிடிப்பான். சுரம் ஒன்று, இடம் வேறு. முதல் தடவை கேட்டபோதே ரெண்டு ஆள் இருப்பது தெரிந்தது.

ஆனால் மாப்ள சின்ன வயதில் வயலின் கற்றவன். கச்சேரியில் பாடகரை நிழல்போலத் தொடர்கிற பழக்கம் போகவில்லை. நான் ஒரு வரி பாடினால் பின்னாலேயே அதை வாசித்துக் காட்டுவான். ராலிங்ஸ் அப்படிச் செய்வதில்லை. பாட்டுக்கு அடியில் தன் பாட்டுக்கு ஓடுவார். கார்டில் இல்லாத சுரத்தில் வேண்டுமென்றே நின்று, கடைசியில் உள்ளே வருவார்.

ஐந்தாம் வாரம் அதைப் பிடித்தோம். நான் ஜி-யில் நிற்க, அவன் சி-யில் நின்றான். ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் அது மத்யமம். என் கார்டிலோ அதற்கு ஒட்டிக் கீழே இருக்கிற அந்தர காந்தாரம் ஒலிக்கிறது. ரெண்டும் உரசின. “அபஸ்வரம்டா மச்சான், காது கூசுது” என்று கையை எடுக்கப் போனான். “இருடா, ரெண்டு தட்டு பொறு” என்றேன். பொறுத்து காந்தாரத்துக்கு இறங்கினான். அந்த இறக்கத்தை அன்றைக்கு இருபது தடவையாவது வாசித்திருப்போம். கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, என்ன ஆச்சு என்று பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது மிச்சமிருப்பது என் கோளாறு. அவன் வாசிக்கும்போது என் கை சும்மா இருக்காது. பேஸ் கம்பியில் ஏதாவது அலங்காரம் பண்ணிவிடும். வெல்ச் வலது கையைப் பார்த்தால் கடிகாரம். சலிக்காமல் ஒரே மாதிரி அடிக்க இவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இந்த வாரம் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 72 தட்டில் வைத்து, ஒரு பாட்டு முழுக்க எதுவுமே சேர்க்காமல் வாசிக்கிறேன். நேற்று ரெண்டாவது சரணம் வரை தாக்குப்பிடித்தேன்.