மோ தாய் மோ சை: ஹாங்காங் டீ மேசையில் மட்டு மரியாதை

‘மோ தாய் மோ சை’ என்றால் பெரிசும் இல்லை, சிறிசும் இல்லை. வயது வரிசை பார்க்காமல் நடப்பவரைக் கான்டனீஸில் இப்படித் திட்டுவார்கள். ஹாங்காங்கில் இந்த வரிசை பளிச்சென்று தெரியும் இடம் யம் சா, அதாவது டிம் சம் எனும் சிறு பலகாரங்களோடு டீ குடிக்கும் மேசை.

உட்கார்ந்ததும் என்ன டீ என்று கேட்பார்கள். எண்ணெய்ப் பலகாரத்துக்குக் கறுத்த ‘போலேய்’ தோது. முதல் ஊற்று குடிக்க இல்லை. அந்தச் சூட்டில் கோப்பை, கரண்டி, குச்சிகளை அலசிப் பெரிய கிண்ணத்தில் கொட்டுவார்கள். கிண்ணத்தில் இருப்பது சூப் என்று நினைத்துவிட வேண்டாம்.

மூத்தவர் கோப்பைக்கு முதலில் ஊற்றுங்கள், உங்களுடையதற்குக் கடைசியில். கெண்டியின் மூக்கு யாரையும் பார்க்கக் கூடாது. யாராவது உங்களுக்கு ஊற்றினால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி மேசையில் இரண்டு மூன்று தட்டு தட்டுங்கள். பேச்சு அறுபடாமல் நன்றி போய்விடும். இதற்கு ஒரு கதை உண்டு: மாறுவேடத்தில் வந்த சீனப் பேரரசர் சியான்லோங் டீ ஊற்ற, விழுந்து கும்பிட முடியாத ஊழியர் விரலை மண்டியிட வைத்தாராம். நல்ல கதை, அவ்வளவுதான்.

கெண்டி காலியானால் மூடியைச் சாய்த்து வையுங்கள், வெந்நீர் வரும். மூடி ஒழுங்காக இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஹா காவ் எனும் இறால் கொழுக்கட்டை கூடைக்கு வழக்கமாக 4. ஆறு பேருக்கு ஒரு கூடை சொன்னால் தர்மசங்கடம், இரண்டாகச் சொல்லுங்கள். கடைசித் துண்டை அடுத்தவருக்கு நீட்டிப் பார்த்த பிறகே எடுக்கலாம்.

நன்றியிலும் இரண்டு வகை. தண்ணீர் கொண்டுவந்தவருக்கு ‘ம் கோய்’, பரிசு தந்தவருக்கு ‘தோ ஜே’. பரிசுக்கு ‘ம் கோய்’ சொன்னால் ஏதோ டம்ளர் நகர்த்திக் கொடுத்ததற்குச் சொன்னது போல இருக்கும்.

சீனப் புத்தாண்டின் 15 நாளில் போனால் லாய் சீ என்ற சிவப்பு உறை. மணமானவர் மணமாகாதவருக்குக் கொடுப்பது. உள்ளே புது நோட்டு, 20 ஹாங்காங் டாலர் சாதாரணம், 40 வேண்டாம். கான்டனீஸில் ‘நாலு’ என்ற சொல் ‘சாவு’ போல ஒலிக்கும். இரு கையால் வாங்குங்கள், எதிரிலேயே பிரிக்காதீர்கள்.

இதெல்லாம் தெரிந்தவரை ‘சிக் ஜோ’ என்று மெச்சுவார்கள்: செய்யத் தெரிந்தவர். ஆனால் கையூட்டைப் பற்றிக் கண்ணடித்துப் பேசும்போதும் இதே சொல்தான். 1974இலேயே ஊழல் தடுப்பு ஆணையம் அமைத்த ஊர். அரசு அலுவலகத்தில் இந்தச் சொல்லை எடுக்காதீர்கள்.