படிப்பும் வேண்டும், தையலும் வேண்டும்: கல்லூரி தேடிய அனுபவம்

ஃபேஷன் டிசைன் படிக்க வேண்டும், கூடவே வேதியியலையும் விடக்கூடாது என்று கல்லூரி தேடினால் தரவரிசைப் பட்டியல்கள் ஒன்றுக்கும் உதவாது. ஃபேஷன் பள்ளிகளுக்கு ஒரு பட்டியல், பல்கலைக்கழகங்களுக்கு இன்னொன்று. எனக்கு வேண்டியது இரண்டிலும் இல்லை. கல்லூரிகளின் கையேடுகளோ எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடின. அதனால் அவற்றை ஓரம்கட்டிவிட்டு, பாடத்திட்டங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அமெரிக்கக் கல்லூரிகளைத்தான் பார்த்தேன். அங்கே பட்டத்தின் பெயரிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) என்றால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கலை, வடிவமைப்புப் பாடங்கள், மீதியில்தான் மற்றதெல்லாம். பி.ஏ. என்றால் பெரும்பகுதி பொதுப்படிப்பு, வடிவமைப்புக்கு இடம் குறைவு. நியூயார்க்கின் எஃப்.ஐ.டி. என்ற ஃபேஷன் கல்லூரி 1944-இல் தொடங்கிய பழைய இடம். இரண்டு ஆண்டில் ஒரு பட்டம், விரும்பினால் மேலும் இரண்டு ஆண்டு படித்து பி.எஃப்.ஏ. தொழிலுக்கு நேராகப் போக நினைப்பவர்களுக்கு அருமையான வழி. ஆனால் அந்தத் திட்டத்துக்குள் என் வேதியியலை எங்கே நுழைப்பது?

இரட்டைப் பட்டம் என்று ஒரு வழி இருக்கிறது. பிராவிடன்ஸ் நகரில் பிரவுன் பல்கலைக்கழகமும் ரிஸ்டி என்ற கலைப்பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 2008 முதல் ஐந்தாண்டுப் படிப்பு ஒன்றை நடத்துகின்றன. முடித்தால் இரண்டு இடத்துப் பட்டமும் கையில். முதலில் இரண்டிலும் தனித்தனியாக இடம் கிடைக்க வேண்டும், அதற்குப் பிறகும் இன்னொரு குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மிகச் சிலரைத்தான் எடுக்கிறார்கள். நியூயார்க்கின் பார்சன்ஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியிலும் பி.ஏ., பி.எஃப்.ஏ. இரண்டையும் ஐந்து ஆண்டில் சேர்த்துப் படிக்கலாம். கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்தாவது ஆண்டுக்கும் கட்டணம் உண்டு, களைப்பும் உண்டு.

மூன்றாவது வகை, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கும் ஆடைத்துறை. கார்னெல் அப்படி. அங்கே ஃபேஷன் டிசைன் மனிதச் சூழலியல் கல்லூரிக்குள் வருகிறது. இழை அறிவியலும் அதே கூரையின் கீழ். சாயம் நூலில் ஏன் ஒட்டுகிறது என்று கேட்பவரும், அந்தத் துணியை வெட்டுபவரும் ஒரே துறை. சேர போர்ட்ஃபோலியோவும் (நாம் செய்த வேலைகளின் தொகுப்பு) கேட்பார்கள், மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள்.

எனக்கு உண்மையில் உதவியது ஒரு பெரிய தாள்தான். ஒவ்வொரு கல்லூரிக்கும் எட்டு செமஸ்டர் கட்டம் போட்டு, எந்தப் பாடத்துக்கு முன் எது முடிந்திருக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டேன். பொது வேதியியல் முடியாமல் கரிம வேதியியல் எடுக்க முடியாது. அடிப்படைப் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித வடிவம் வரைவது) முடியாமல் அடுத்த ஸ்டுடியோவுக்கு, அதாவது செய்முறை வகுப்புக்கு, போக முடியாது. இரண்டு சங்கிலியும் இரண்டாம் ஆண்டில் வந்து முட்டிக்கொள்ளும். போதாததற்கு, ஸ்டுடியோ பாடத்துக்கு மூன்று கிரெடிட் என்று போட்டிருந்தாலும், அதே கிரெடிட் உள்ள விரிவுரைப் பாடத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நேரம் வகுப்பிலேயே போய்விடும். இதைக் கணக்கில் எடுத்ததும் பட்டியலில் பாதி தானாகக் கழன்றது. மாணவர்களிடம் பேசியபோதும் இதையே சுற்றிச்சுற்றிக் கேட்டேன்: லேபும் ஸ்டுடியோவும் ஒரே மதியத்தில் வந்தால் யார் விட்டுக்கொடுப்பார்கள்? தையல் அறை இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும்? சுற்றிக் காட்டுபவர்களிடம் இதற்குப் பதில் இருக்காது, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இருக்கும்.

ஒரு கல்லூரியில் மாணவர்களின் வேலையை எல்லோர் முன்னாலும் அலசும் வகுப்பில் ஓரமாக உட்கார விட்டார்கள். ஒரு பெண் கோட்டின் மாதிரியை வெள்ளை மஸ்லினில் தைத்து தையல் பொம்மைக்குப் போட்டிருந்தாள். கோட்டின் கைப்பகுதியில் சாய்வாக ஒரு சுருக்கம். துணி போதவில்லை என்று அவள் நினைத்தாள். ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. தோளில் இருந்த ஊசிகளைக் கழற்றி, கையை ஒரு விரல்கடை முன்பக்கம் திருப்பி, மறுபடி குத்தினார். சுருக்கம் போய்விட்டது. “இப்போ பேப்பர்ல எந்தப் புள்ளி நகரணும், சொல்லு” என்றார். வகுப்பே அமைதியாகிவிட்டது. வடிவவியல் தேர்வு தோற்றது போங்கள்! ஃபேஷன் சுலபமான பாடம் என்று சொல்பவர்களை ஒரு மணி நேரம் அங்கே உட்கார வைக்க வேண்டும்.

போர்ட்ஃபோலியோவுக்கும் அந்த வகுப்பு உதவியது. அழகாக முடிந்த உடைகளின் படங்களைக் குறைத்துவிட்டு, ஒரே சட்டை எப்படி எப்படி மாறியது என்ற பக்கங்களைக் கூட்டினேன். சாயம் போட்டுப் பார்த்த துணித் துண்டுகளை, உப்பின் அளவோடு ஒட்டினேன். விண்ணப்பக் கட்டுரை வழக்கமான தலைவலி, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியில் கார்னெல் என்று முடிவு செய்தேன். என் தாளில் அம்புக்குறிகள் அதிகம் முட்டிக்கொள்ளாத இடம் அதுதான். தூய ஸ்டுடியோ நேரம் கலைப்பள்ளியைவிடக் குறைவு என்பது உறுத்தத்தான் செய்கிறது. விடுமுறைகளில் ஈடுகட்ட வேண்டும்.

அங்கே ஃபேஷன் டிசைனுக்கும் பி.எஸ்., அதாவது அறிவியல் பட்டம்தான் தருகிறார்கள். அதனால் அப்பா எல்லோரிடமும் “பொண்ணு சயின்ஸ் படிக்கிறா” என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை. பொய் இல்லையே!