மதுரையில் புதுமணத் தம்பதிக்கு ஒரு நாள்: விடிகாலை தரிசனம் முதல் பள்ளியறை பூஜை வரை

மறுவீடும் விருந்தும் ஓய்ந்ததும் கொடைக்கானலுக்குக் கிளம்பும் ஜோடிகளில் பலர் மதுரையில்தான் ரயிலை விட்டு இறங்குகிறார்கள். வந்ததே வந்தோம், மீனாட்சியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு மலைக்கு வண்டி ஏறிவிடலாம் என்று ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். அது போதவே போதாது. புதிதாகத் தாலி ஏறியவர்கள் மதுரைக்கு ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும். மற்ற ஊர்களில் கோயில் இருக்கிறது. மதுரையில் கோயிலே கல்யாண வீடாக இருக்கிறது. காலையில் அந்தக் கல்யாணத்தைக் கல்லில் பார்க்கலாம். இரவில் சுவாமி அம்மன் வீட்டுக்கு எழுந்தருளுவதைக் கண்ணாரப் பார்க்கலாம். இந்த இரண்டையும் விட்டுவிடாமல் நடுவில் மற்ற இடங்களைக் கோர்ப்பதுதான் அன்றைய திட்டம்.

முதலில் நேரக் கணக்கு. மீனாட்சி அம்மன் கோயில் அதிகாலை 5 மணிக்குத் திறக்கிறது. பகல் 12.30க்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் மறுபடி திறப்பு. வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். அறை எடுத்து, குளித்து, டிபன் சாப்பிட்டு, பதினொன்றரைக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். அம்மனைப் பார்ப்பதற்குள் நடை சாத்தும் நேரம் நெருங்கிவிடும், சுவாமி சன்னதியை ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டு வெளியே வர வேண்டியதாகிவிடும். அதனால் காலை ஐந்தேகால், ஐந்தரைக்கே கோபுர வாசலில் இருங்கள். ரயில் நிலையத்திலிருந்து கோயில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். டவுன்ஹால் ரோடு பக்கம் தங்கினால் நடந்தே வந்துவிடலாம். வெள்ளிக்கிழமை, சித்திரைத் திருவிழா நாட்கள், கார்த்திகை பிறந்து தை வரை ஐயப்ப பக்தர்கள் வரும் காலம் ஆகியவற்றில் கூட்டம் பல மடங்கு. சாதாரண செவ்வாய், புதன் கிடைத்தால் பாக்கியம்.

செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை. 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீவிபத்து நடந்த பிறகு வந்த கட்டுப்பாடு இது. போனை வாசலில் உள்ள பாதுகாப்பு இடத்தில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். போன் இல்லை என்றால் என்னென்ன சிக்கல் வரும் என்பதை முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். அர்ச்சனைக்கு இருவர் பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம் கேட்பார்கள். புதுப்பெண்ணுக்குப் புகுந்த வீட்டுக் கோத்திரம் சட்டென்று நினைவுக்கு வராது, அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் கூப்பிட வழியில்லை. பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டு என்று ஓர் இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கோபுர வாசலில் செருப்பையும் போனையும் விட்டோம் என்பதை இருவருமே மனதில் பதிய வைக்க வேண்டும். நான்கு திசைக் கோபுரங்களும் புதியவர் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். வாசல் மாறி வெளியே வந்தால் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு பாதிக் கோயிலைச் சுற்ற வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்தக் கல் பாதத்தைப் பொசுக்கிவிடும்.

உடையில் வேட்டி, சேலை உத்தமம். அரைக்கால் டிரவுசர் வேண்டாம். முகூர்த்தப் பட்டைத்தான் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கனத்தோடு மதுரை வெயிலில் ஒரு நாள் முழுக்க அலைய முடியாது. காலை தரிசனத்துக்கு மெல்லிய பட்டு, பகலுக்குப் பருத்தி என்று பிரித்துக்கொள்வது நல்லது. மதுரைச் சுங்குடியை ஆசையாக வாங்கி அன்றைக்கே உடுத்தாதீர்கள். புதுச் சுங்குடி சாயம் விடும், வேர்வையில் பக்கத்தில் நிற்பவர் வேட்டியில் ஏறும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து ஒரு முறை அலசிய பிறகுதான் கட்ட வேண்டும். வரிசையின் நெரிசலில் புதுத் தாலிச் செயினை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். மெட்டியும் புதிது, தரையும் வழவழப்பு. விளக்கேற்றும் இடங்களில் எண்ணெய் சிந்தியிருக்கும், அங்கே பார்த்து நடங்கள்.

மல்லிகை வாங்குவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2013ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி விடியலில் இறுகிய மொட்டாக வரும், பொழுது சாயும்போதுதான் விரியும். காலையில் பாதி விரிந்த சரத்தை வாங்கினால் மத்தியானமே வாடிப்போகும். பச்சை சாயல் மாறாத, விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும் மொட்டுச் சரமாகக் கேளுங்கள். அம்மனுக்கு ஒரு சரம், தலைக்கு ஒரு முழம், இன்னொரு முழம் ஈரத்துணியில் சுற்றி அறையில். கடைசியாகச் சொன்னது இரவுக்கு.

கிழக்குப் பக்கம் இரண்டு வழி உண்டு. ராஜகோபுர வழி நேராகச் சுவாமி சன்னதிக்குப் போகும். அதற்குத் தெற்கே உள்ள அஷ்டசக்தி மண்டபம் அம்மன் சன்னதிக்கு. மதுரையில் அம்மனை வணங்கிய பிறகுதான் சுவாமி, ஆகவே அஷ்டசக்தி மண்டபம் வழியாகவே நுழையுங்கள். மீனாட்சி நாயக்கர் மண்டபம் கடந்து பொற்றாமரைக் குளம் வரும். ஐந்து நிமிடம் படியில் உட்காருங்கள். தென்கரையில் நின்றால் அம்மன் விமானம், சுவாமி விமானம் இரண்டின் தங்கத் தகடும் ஒரே பார்வையில் கிடைக்கும். முதல் வெயில் படும்போது அவை ஜொலிப்பதை விட்டுவிடாதீர்கள். பிறகு கிளிக்கூட்டு மண்டபம் வழியாக அம்மன் சன்னதி. கையில் கிளியோடு நிற்கும் மீனாட்சியைப் பார்க்கும் சில விநாடிகளில் கண்ணை மூடிக் கும்பிடாதீர்கள், கண் திறந்து பாருங்கள். மீன் இமைக்காமல் முட்டையைக் காப்பதுபோல் அவள் பார்வையாலேயே காக்கிறாள் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாக உள்ள நம்பிக்கை.

வெளியே வந்தால் முக்குறுணி விநாயகர். வண்டியூர் தெப்பக்குளம் வெட்டியபோது கிடைத்தவர் என்பார்கள். விநாயகர் சதுர்த்திக்குப் பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை படைப்பதும் இவருக்குத்தான். அவரை வணங்கிவிட்டுச் சுவாமி சன்னதிக்குத் திரும்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். இங்கே அம்மன் சன்னதி சுவாமிக்கு வலப்புறம் இருக்கிறது. மணவறையில் பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் உட்காருவாள் அல்லவா, அதே கோலம்.

சன்னதிக்கு முன்னால் நந்தியையும் கொடிமரத்தையும் சுற்றியிருப்பது கம்பத்தடி மண்டபம். அன்றைய நாளின் மிக முக்கியமான பத்து நிமிடம் இங்கே. தூண்களில் ஒன்றில் திருக்கல்யாணச் சிற்பம் இருக்கிறது; அங்குள்ள பட்டர் யாரைக் கேட்டாலும் காட்டுவார். தங்கையைத் தாரை வார்க்கும் பெருமாள், கையைப் பற்றும் சுந்தரேஸ்வரர், நடுவில் மீனாட்சி. தூரத்தில் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், பக்கத்தில் போங்கள். பெருமாள் கையிலுள்ள கெண்டியிலிருந்து தண்ணீர் இணைந்த கைகளின் மேல் விழுகிறது. உலகையே வென்று கயிலாயம் வரை படை நடத்திய பாண்டிய அரசி, இங்கே தலையைக் கொஞ்சம் சாய்த்து, பார்வையைத் தாழ்த்தி நிற்கிறாள். கருங்கல்லில் நாணத்தைக் கொண்டுவந்த அந்தச் சிற்பியின் கையை வணங்கத் தோன்றும். சில நாட்களுக்கு முன் உங்கள் கையும் இப்படித்தான் பிடித்துக் கொடுக்கப்பட்டது. இருவரும் சேர்ந்து நின்று பாருங்கள்.

சுவாமி தரிசனம் முடித்து, வலது காலைத் தூக்கி ஆடும் வெள்ளியம்பல நடராஜரையும் வணங்கி, தாழம்பூக் குங்குமம் வாங்கிக்கொண்டு வெளியே வர எட்டு, எட்டரை ஆகும். குங்குமத்தைக் காய்ந்த காகிதத்தில் மடித்து, கைக்குட்டையில் தனியாக வையுங்கள். ஈர மஞ்சள் கயிறு பட்டால் குழைந்து புடவையெல்லாம் சிவந்துவிடும். உள்ளே படம் எடுக்க முடியாத குறையை கிழக்குச் சித்திரை வீதியில் தீர்த்துக்கொள்ளலாம். காலை வெயில் கோபுரத்தின் முகத்தில் விழும் நேரம் அதுதான்.

டிபனுக்கு மாசி வீதிகள் பக்கம் போங்கள். மதுரை இட்லியின் அழகு அதன் மென்மையில், கூட வரும் நாலைந்து சட்னியில். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், திருப்பரங்குன்றம் காத்திருக்கிறது.

ஊரிலிருந்து தென்மேற்கே எட்டு கிலோமீட்டர். அறுபடை வீடுகளில் முதல் வீடு. சூரனை வென்ற முருகனுக்கு இந்திரன் தன் மகள் தெய்வானையை மணமுடித்துக் கொடுத்த தலம். ஒரு நாளில் இரண்டாவது கல்யாணக் கோலம்! மலையைக் குடைந்த பாண்டியர் காலக் குகைக் கோயில் என்பதால் மூலவர் பாறையோடு பாறையாக இருக்கிறார். ஆகவே அபிஷேகம் அவருக்கு இல்லை, வேலுக்குத்தான். பால் அபிஷேகம் என்று வேண்டிக்கொண்டு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். சிவனும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் எதிரெதிரே இருப்பதையும் பாருங்கள். சித்திரையில் மீனாட்சியின் கல்யாணத்துக்கு இந்தப் பெருமாளும் முருகன் தெய்வானையும்தான் மதுரைக்குப் புறப்பட்டுப் போகிறார்கள். முகூர்த்த நாளானால் காலை ஒன்பது பத்து வரை கல்யாணக் கூட்டம் நெரியும், பத்தரைக்கு மேல் போவது சுகம். பகல் நடை சாத்துவதற்குள் முடிக்க, பன்னிரண்டுக்குள் வரிசையில் இருக்க வேண்டும். உள்ளே படிகள் ஏற வேண்டியிருக்கும். பெரியவர்கள் கூட வந்தால் நிதானமாகக் கூட்டிப் போங்கள்.

மத்தியானம் இலைச் சாப்பாடு. மதுரையில் கல்யாணச் சாப்பாடு என்றால் குண்டோதரன் நினைவு வராமல் இருக்காது. மீனாட்சி கல்யாணத்தில் சமைத்தது மலைபோல் மிஞ்ச, சிவகணத்தில் ஒருவனான குண்டோதரன் அத்தனையும் தின்று தீர்த்தான். தாகம் அடங்காமல் தவித்தவனிடம் ஈசன் ‘வை கை’ என்றார், கை வைத்த இடத்தில் வைகை பெருகியது. நீங்கள் மோரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இலையைத் தன் பக்கமாக மடிப்பதுதான் சுப வழக்கம். புதுமணத் தம்பதி மாற்றி மடித்தால் பக்கத்து இலைக்காரரே திருத்துவார். பிறகு மூன்றரை வரை கட்டாயம் ஓய்வு. இந்த ஓய்வை விட்டவர்கள்தான் இரவு பள்ளியறைக்கு நிற்க முடியாமல் அறைக்குத் திரும்புகிறார்கள்.

மூன்றரைக்குத் திருமலை நாயக்கர் மகால். 1636ல் கட்டியது. பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பிரித்து எடுக்கப்பட்டது போக, இன்று நிற்பது ஒரு பகுதிதான்; அதுவே அண்ணாந்து பார்க்க வைக்கும். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், ஒரு மணி நேரம் போதும். வழியில் ஒரு ஜிகர்தண்டா: சுண்டக் காய்ச்சிய பால், பிசின், நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். இரண்டு பேருக்கு ஒரு பெரிய டம்ளரே தாராளம். அங்கிருந்து வண்டியூர் தெப்பக்குளம். நடுவில் மைய மண்டபத்தோடு கண்ணுக்கெட்டிய வரை விரியும் அந்தக் குளக்கரையில் பொழுது சாய்வதைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேஸ்வரரும் தெப்பத்தில் வலம் வருவது இங்கேதான். அழகர்கோவிலையும் இதே நாளில் சேர்க்க நினைக்காதீர்கள். அது இருபத்தொரு கிலோமீட்டர். நூபுர கங்கை, பழமுதிர்சோலை, நெய் மணக்கும் அழகர்கோவில் தோசை எல்லாம் இன்னொரு நாளுக்கு உரியவை. அன்று வெள்ளிக்கிழமையானால் மட்டும் திட்டத்தை மாற்றுங்கள்: மாலையில் கோயில் ஊஞ்சல் மண்டபத்தில் அம்மனும் சுவாமியும் பொன்னூஞ்சல் ஆடுவார்கள், மகாலையும் தெப்பக்குளத்தையும் விட்டுவிட்டு அங்கே போய்விட வேண்டும்.

இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே லேசாக முடியுங்கள். கறிதோசை ஆசை இருந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். குளித்து, ஈரத்துணியில் வைத்த மல்லிகையை எடுங்கள், இதற்குள் மொட்டு அவிழத் தொடங்கியிருக்கும். எட்டரைக்குக் கோயிலுக்குள் இருக்க வேண்டும். ஒன்பதுக்கு மேல்தான் பூஜை என்றாலும் கடைசி நேரத்தில் வந்தால் முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். விழா நாட்களில் நேரம் மாறும், காலையிலேயே பட்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சுவாமி சன்னதியிலிருந்து பல்லக்கு புறப்படும். உள்ளே சுவாமியின் திருப்பாதம் மட்டும். நாதஸ்வரமும் தவிலும் முன்னே, ஓதுவார் குரல் பின்னே, பகல் முழுவதும் இரைந்த அந்தப் பிராகாரம் சட்டென்று அடங்கும். சுவாமி தன் சன்னதியிலேயே இருந்துகொண்டு அம்மனை அழைக்கவில்லை. அவர்தான் அவள் இருக்கும் இடத்துக்கு வருகிறார், ஒவ்வொரு இரவும். ‘உங்க வீட்டில் மதுரையா சிதம்பரமா?’ என்று கல்யாண வீடுகளில் கேட்பார்களே, அந்தக் கேள்வியின் மதுரை இதுதான். சித்திரையில் முடிசூடி ஆவணி வரை அவள் ஆட்சி, பிறகு அவர் ஆட்சி என்று ஆண்டைப் பகிர்ந்துகொள்ளும் தம்பதி, இரவில் இப்படி ஒருவர் வாசலுக்கு ஒருவர் வருகிறார்கள்.

பல்லக்கு வரும் வழியில் ஒதுங்கி நில்லுங்கள், முண்டியடித்து உடன் ஓட வேண்டாம். அம்மன் சன்னதிக்குள் பாதம் எழுந்தருளி, பள்ளியறையில் பால் நைவேத்தியமும் தீபாராதனையும் ஆகும். தாலாட்டுப் போல நீளும் ஓதுவாரின் பாட்டுக்குப் பிறகு திருக்கதவம் அடைபடும். அந்தக் கதவு மூடும் வரை நின்று, கை கூப்பி, காலையில் நுழைந்த அதே வாசல் வழியாக வெளியே வாருங்கள். டோக்கன் இருவரில் ஒருவர் கையில் பத்திரமாக இருக்கட்டும். சித்திரை வீதிக் கல் இப்போது குளிர்ந்திருக்கும். மாசி வீதி முனையில் தள்ளுவண்டிக்காரர் சுக்கும் கருப்பட்டியும் போட்ட பருத்திப்பாலை ஆவி பறக்க ஊற்றிக்கொண்டிருப்பார்.