கோணல் மரத்துக்குத்தான் எங்க பக்கம் கிராக்கி

ராமநாதபுரத்துல ஏதுங்க மரம், வெறும் கருவக்காடுதானேன்னு கூட வேலை பாக்குறவரு ஒருத்தர் கேட்டாரு. பாதி நெசந்தான், மழை கம்மி, மண்ணு உப்பு, தேக்கு ஈட்டியெல்லாம் இங்க எங்க வெளயுது. ஆனா இருக்குற முள்ளு மரத்தையும் பனையையும் வச்சே வத்தைங்கிற நாட்டுப்படகுல இருந்து வீட்டுக்கூரை வரைக்கும் சமாளிச்சிருக்காங்கன்னா சும்மாவா.

படகு கட்டுற எடத்துல இது நல்லாத் தெரியும். பலகைக்கு நீளமா நேரா மரம் வேணும், அது நம்மகிட்ட கெடயாது, அயினிங்கிற பலகை மரம் கேரளாவுல இருந்து வரணும். ஆனா உள்ளுக்குள்ள விலா எலும்பு மாதிரி வளைஞ்சு நிக்கிற வங்கு இருக்கே, அதுக்கு நம்மூரு நாட்டுக்கருவேலும் பூவரசும் வேம்பும் புன்னையுந்தான். நேரான கட்டைய வளைவா அறுத்தா நாரு குறுக்க வெட்டுப்பட்டுப் போகும், அலை அடிக்கிற அடியில சரியா அந்த எடத்துலயே பிளந்துக்கும். தானா வளைஞ்சு வளந்த கெளையில நாரும் வளைவோடயே ஓடும், அதனால தாங்கும். அதான் ஓடாவி, படகு கட்டுற ஆசாரி, மரம் பாக்க வந்தா அடிமரத்த அப்பறம் பாப்பாரு, மொதல்ல கவட்டைய அண்ணாந்து பாப்பாரு. எங்க பெரியப்பா ஓடாவி, பஸ்ல போறப்பக்கூட கண்மாய்க்கரை கருவேல மரத்தக் காட்டி "அந்தா அந்தக் கெளை, படகு முன்பக்கம் அணியத்துக்கு அப்புடியே உக்காரும்டா"ன்னுவாரு, பக்கத்துல இருக்குறவங்க ஒரு மாதிரி பாப்பாங்க, அவரு கண்டுக்க மாட்டாரு.

பலகை இடுக்குல பஞ்சத் திணிச்சு, எண்ணெயில காய்ச்சுன குங்கிலியத்தப் பூசி அடைக்கணும், அப்பறம் அப்பப்ப கரையில ஏத்தி அடியில மீன் எண்ணெய் பூசணும். இல்லன்னா கடல்ல மரத்தக் குடையிற புழு உள்ள பூந்துரும், வெளிய பாத்தா ஊசித்தொளைதான் தெரியும், உள்ள ஒண்ணுமே இருக்காது.

பனை வேற கணக்கு. வேம்பு, கருவேல் மாதிரி மரத்துக்கெல்லாம் நடுவுலதான் வைரம், பனைக்கு ஓரத்துல, நடுவுல வெறும் மெத்துன்னு இருக்குற சோறு. அதனால வயசான மரமாப் பாத்து வெட்டி, பிளந்து, உள்ள இருக்குறதச் செதுக்கித் தள்ளிட்டு ஓரத்தக் கூரை தாங்குற கைமரமா எடுப்பாங்க. உப்புத்தண்ணியில கொஞ்ச நாள் ஊறப்போட்டு எடுத்தா பூச்சி அண்டாது, அந்தத் தண்ணிக்குத்தான் நம்ம ஊர்ல பஞ்சமே இல்லயே. காஞ்ச பனையில ஆணி அடிச்சுப் பாருங்க, ஆணி வளையும். அந்தக் கருப்பு நாரு உளி மொனைய மழுக்கிரும்னு ஆசாரிங்க பொலம்புவாங்க, கூலியும் கூடக் கேப்பாங்க, நியாயந்தான். சோத்த எடுத்த பாதிய அப்புடியே பத்தலா வச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டுறதும் உண்டு.

கடல விட்டு உள்ள முதுகுளத்தூர், கமுதி பக்கம் போனா கலப்பையும் வண்டிச்சக்கரத்து ஆரக்காலும் நாட்டுக்கருவேல்லதான் செஞ்சாங்க, செக்குக்கு வாகை, கதவு நிலைக்கு வேம்பு, கரையான் சீக்கிரம் தொடாது. உடைமரம் பலகைக்கு ஆகாது, ஆனா வேலிக்கு முள்ளு, அடுப்புக்கு வெறகு, ஆட்டுக்குக் காய்.

இப்ப எங்க பாத்தாலும் சீமைக்கருவேல். 2017ல மதுரை ஐகோர்ட் கிளை வெட்டச் சொல்லி உத்தரவே போட்டுச்சு, எல்லாரும் அந்த மரத்தத் திட்டுறாங்க, நானுந்தான், ஆனா பாதி ஊருக்கு அடுப்பு எரிஞ்சதும் கரிமூட்டத்துல கூலி கெடச்சதும் அதாலதாங்கிறதயும் சொல்லணும்ல. கட்டையும் கெட்டிதான், என்ன, தடிக்க விடாம மூட்டத்துக்கு வெட்டிர்றாங்க. எனக்கு அதுமேல இருக்குற ஆத்தரமெல்லாம் நாட்டுக்கருவேல் நின்ன எடத்தையும் அது புடிச்சுக்கிச்சுங்கிறதுதான்.

கடல்லயும் இப்ப ஃபைபர் படகுதான் அதிகம், அச்சுல ஊத்தி எடுக்குறாங்க, கவட்டை தேடி யாரும் அலையறதில்ல. பனையை மட்டும் இன்னும் தேடுறாங்க. 2021ல இருந்து கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னு ஆனதுல எனக்குச் சந்தோசம், மரம் நிக்கட்டும். ஆனா கூரை மாத்துறவனுக்குக் கைமரம் வேணுமே, அதனால பழைய ஓட்டு வீட்ட இடிக்கிறப்ப ஓடு, கதவுக்கு முன்னாடி கைமரத்தத்தான் வெல பேசுறாங்க, தாத்தா காலத்துக் கட்டையா இருந்தாலும் தட்டிப் பாத்து சத்தம் கணீர்னு வந்தா வாங்கிட்டுப் போயிர்றாங்க.